இரட்டைக் கார்புரேட்டரோடு நாரணாபுரம்

காலை பதினொன்றே கால். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் வாசலிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி நடந்தேன். பின்னிருக்கையில் சிவகாசி அச்சகத்திலிருந்து கொண்டுவந்த நாற்பது கிலோ லேபிள் கட்டு இறக்கப்படாமலே இருந்தது. வாசலை நெருங்கி ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சர் 'டப்'பென்று வெடித்ததுதான் காரணம்.

"ஏலே, அங்கனயே நிப்பாட்டு! உள்ள அம்புட்டும் மருந்துலே!" என்று வாட்ச்மேன் ஓடி வந்தார். "ரோட்டு முக்கு வரைக்கும் ஸ்டார்ட் பண்ணப்புடாது. தள்ளிட்டுப் போ."

அவர் சொன்னது நியாயம். அறுநூறு மீட்டர் தள்ளினேன்.

என்னுடையது பழைய இரட்டை சிலிண்டர் வண்டி. ஒரே கார்புரேட்டரோடு வந்ததை, சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு பொருத்தி நானே மாற்றினேன். அதை வைத்துத்தான் ஊர் ஊராகப் பிழைப்பு. கொடைக்கானலில் கேரட் மூட்டை சுமந்துவிட்டு, மதுரை, காரியாபட்டி வழியாக முந்தின நாள்தான் சிவகாசி வந்திருந்தேன்.

பன்னிரண்டு மணிக்குச் சிவகாசி அச்சகம். லோடு அனுப்பும் ஜெயராணி அக்கா திட்டவில்லை. "நாளைக்குக் காலைல ஆறரைக்கு இந்தக் கட்டு அங்கன போய்ச் சேரணும் தம்பி. சீசன் நேரம். மறுபடி வெடிச்சுச்சுன்னா வேலை வேன்காரருக்குத்தான்."

எதிர்ப் பட்டறை மெக்கானிக்கிடம் ஒரே மருந்து இருந்தது. "ஒண்ணைக் கழத்திப் போடுங்க. ஒத்தக் கார்புரேட்டர்ல ஊரே ஓடுது. ஒங்களுக்கு மட்டும் என்னவாம்?"

"ஊரு ஓடட்டும். ஜெட் இருக்கா?"

கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளைத் திருகுதான் ஜெட். நான்கு ஜெட், முந்நூற்று இருபது ரூபாய்.

மணி இரண்டு. அச்சகத்தின் பின்புறம் உட்கார்ந்து பிளக்குகளைக் கழற்றினேன். இரண்டும் வெள்ளைவெளேரென்று இருந்தன. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான், ஆனால் பிளக்கைப் படிக்கத் தெரியும். வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை, வெடித்ததும் அதனால்தான். மலையில் காற்று மெலிது என்பதால் துளை சிறிய ஜெட்டுகளைப் போட்டிருந்தேன். கீழே இறங்கியும் மாற்றவில்லை. தப்பு என்னுடையது. அதற்கு ஒரு கார்புரேட்டர் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

பெரிய துளை ஜெட்டுகளைப் போட்டும் எஞ்சின் விக்கியது. கார்புரேட்டர் இரண்டும் ஒன்றாக மூச்சு விடவில்லை. கழிவுக் காகிதத்தில் இரண்டு கீற்று கிழித்து, சைலன்சர் வாய்க்கு ஒன்றாகத் தொங்கவிட்டேன். அச்சு இயந்திரம் ஓட்டும் மாரியப்பன் டீ டம்ளரோடு வந்தார்.

"ஏலே, வண்டிக்கு வாலு கட்டுறியா?"

"வாலு ரெண்டும் ஒண்ணா ஆடணும்ணே. கொஞ்சம் பாருங்க."

அச்சில் சிவப்பு மை மஞ்சளை விட்டு மயிரிழை விலகினாலும் கண்டுபிடிக்கிற கண் அவருக்கு. குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் ஸ்க்ரூவைத் திருகினேன். "எடது வேகமா ஆடுது. கொறை. இன்னுங் கொஞ்சம். ஆங், நிப்பாட்டு!"

ஐந்தரைக்குப் பத்துத் தடவை முறுக்கி விட்டுப் பார்த்தேன். ஒரு வெடியும் இல்லை.

மறுநாள் காலை ஆறு இருபது. ரோட்டு முக்கிலேயே நிறுத்தி வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். அவர் இடுப்பில் கை வைத்து நின்றார். "முறுக்கி விடு, பாப்போம்."

முழுதாக முறுக்கி, சட்டென்று விட்டேன். மூன்று தடவை.

"வெடிக்கல," என்றார், சற்று ஏமாற்றத்தோடு. "ஆனா ரெண்டு கார்புரேட்டர் எதுக்குலே? ஒண்ணு பத்தாதா?"

"ஒங்களுக்கு ரெண்டு காது எதுக்கு அண்ணாச்சி?"

"வாயி ஒனக்கு ஒண்ணே கூடுதலுலே. எஞ்சினை நிப்பாட்டு. செல்போனைக் குடுத்துட்டு உள்ள தள்ளு."

ஏழரைக்கு அச்சகத்தில் ஜெயராணி அக்கா ஆனைக்குட்டம் ஊருக்கான அடுத்த லேபிள் கட்டை என் பின்னிருக்கையில் வைத்தார். தீபாவளி வரை லேபிள் சுமக்கும் வேலை, இரண்டு கார்புரேட்டரோடுதான்.