‘கீது’ என்றால் உயிரோடு

சென்னைக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது. ‘இன்னா’, ‘ஊடு’, ‘இருக்கு’க்குக் ‘கீது’ என்கிற மெட்ராஸ் பாஷையெல்லாம் எனக்கு அத்துப்படி என்று தூத்துக்குடிச் சொந்தக்காரர்களிடம் பீற்றிக்கொண்டதுண்டு. அந்தப் பீற்றலுக்கு ஒரு காடு பலியானது.

என் அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டில். தாங்கள் விடுகிற புகைக்கு ஈடாக எங்காவது காடு வளர்த்துவிட வேண்டும் என்று வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இப்போது ஒரே அவசரம். ஆப்பிரிக்காவில் நடுகிறார்கள், பிரேசிலில் நடுகிறார்கள், ஆவடிக்குப் பின்னால் ஓர் ஏரிக்கரையிலும் நட்டார்கள். நட்டது பிழைத்ததா என்று வாராவாரம் பதிவு செய்வது என் வேலை. என் கணினித் திரையில் உலகப் படம் ஒன்று இருக்கும். அதில் எங்கள் ஏரிக்கரை ஒரு பச்சைப் புள்ளி.

அங்கே முன்பு கருவேலமும் நுணாவும் தானாக முளைத்துக் கிடந்தன. அவற்றை ஜேசிபி வைத்து வழித்துவிட்டுத்தான் காடு நட்டோம். ஜப்பான் முறை என்று நெருக்கி நெருக்கி நாவல், நீர்மருது, புங்கன். ஒவ்வொரு செடிக்கும் ஒரு குச்சி, குச்சியில் எண் போட்ட தகடு. அப்போது எனக்கு இது தப்பாகப் படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் ஊற்றவும் காவல் பார்க்கவும் காண்டிராக்டர் ஓர் அக்காவை வைத்திருந்தார். ஏரிக்குக் கீழே வயல் இருந்த காலத்தில் நாற்று நட்டவர், வயதில் என் அம்மாவை ஒத்தவர். வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வேன்.

“அக்கா, முதல் வரிசை எல்லாம் இருக்கா?”

“கீதுமா.”

“ரெண்டாவது?”

“எல்லாம் கீதுமா.”

படிவத்தில் ‘உயிருடன்’ என்ற கட்டத்தில் டிக் அடிப்பேன். ஆதாரத்துக்குப் படமும் வரும். தகட்டின் எண் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது விதி என்பதால் படம் முழுக்கத் தகடுதான் இருக்கும். ஒருநாளாவது நேரில் போய்ப் பார்த்தேனா? அம்பத்தூரிலிருந்து ஆவடி அரைமணி நேர ரயில் பயணம்கூட இல்லை.

ஏப்ரலில் வெளிநாட்டிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. செடிகள் இவ்வளவு நன்றாகப் பிழைத்திருப்பதால் காடு இனித் தன் காலில் நிற்கும், தண்ணீர் லாரியும் பராமரிப்பும் இன்றோடு போதும் என்றார்கள். மேனேஜர் எல்லோருக்கும் பஃப்ஸ் வாங்கித் தந்தார். நான் இரண்டு தின்றேன்.

மூன்றாம் நாள் அக்காவே கூப்பிட்டார். “தண்ணி வண்டி வரலியேமா. வெயில் கொளுத்துது.”

அன்றைக்குத்தான் போனேன். வரிசை வரிசையாகக் குச்சிகள், குச்சியோடு கட்டப்பட்ட காய்ந்த கொம்புகள். தகடுகள் மட்டும் வெயிலில் பளபளவென்று நின்றன. கரையோரம் கடைசி நாலு வரிசையில்தான் பச்சை இருந்தது. என் எரிச்சலை அக்கா மேல் காட்டினேன்.

“எல்லாம் கீதுன்னு சொன்னீங்களேக்கா!”

“கீதான்னு கேட்ட, கீதுன்னேன். பாரு, ஒண்ணாச்சும் எவனாவது புடுங்கினு போயிருக்கானா? கொறஞ்சா என்னைத்தான் கேப்பாங்கன்னு காவல் காத்துகினு கீறேன். பட்டுப்போச்சான்னு நீ ஒரு நாளும் கேக்கலியேமா.”

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

மறுநாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். “இப்ப மாத்தினா இதுவரைக்கும் கொடுத்த அறிக்கையெல்லாம் பொய்யாயிடுமே?”

“பொய்தானே சார்.”

வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதிப் பார் என்றார். எழுதினேன். மூடிய பதிவைத் திருத்த வழியில்லை, அடுத்த ஆய்வின்போது தெரிவிக்கவும் என்று பதில் வந்தது. அடுத்த ஆய்வு இரண்டு வருஷம் கழித்து. மறுபடி எழுதினேன். அதே பதில், ஒரு கமா கூட மாறவில்லை.

ஒரு லோடு தண்ணீராவது நாமே வாங்கி ஊற்றலாம் என்று லாரிக்காரருக்குப் போன் போட்டேன். “ஃபிளாட்டுக்கே பத்தலக்கா. இப்பகூட ஐயப்பன்தாங்கல்லதான் எறக்கிகினு கீறோம்” என்றார். அது நான் குடியிருக்கும் பேட்டை, எங்கள் அபார்ட்மெண்டுக்கும் அவர் லாரிதான். அன்று காலை நான் தலைக்குக் குளித்ததும் அந்தத் தண்ணீர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் அவர் தெருக்குழாயிலிருந்து கேன்களில் தூக்கினோம். மதியத்துக்குள் என் கை இரண்டும் விட்டுப்போயின. ஒரு வரிசைகூட முடியவில்லை. “போதும்மா, நீ ஊட்டுக்குப் போ” என்றார் அக்கா. போய்விட்டேன். அடுத்த ஞாயிறு போகவில்லை, அதற்கடுத்ததும். போய் என்ன செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கை பழக்கத்தில் அவர் எண்ணை அழுத்திவிட்டது. நிரப்பப் படிவம் இல்லை. ஆனால் இந்த முறையாவது கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

“அக்கா, உயிரோட இருக்கா?”

மெதுவாகச் சொன்னார்.

“கீறேன்மா. வேலைய உட்டு நிறுத்தினாங்களே, அதுக்கப்புறம் கீறியா செத்தியான்னு கேட்டவ நீ ஒருத்திதான்.”

பராமரிப்பு போதும் என்று வந்த கடிதத்தில் அக்காவும் அடக்கம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்டது செடிகளை என்று சொல்லவில்லை. “சாப்பிட்டீங்களாக்கா?” என்றேன்.

திரையில் எங்கள் புள்ளி இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.