அடுத்த வீட்டுப் பையன் மட்டும் பள்ளிக்குப் போனான்

குழந்தைகளே, பொறாமை உங்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். அப்பாவான எனக்கும் வந்தது, அதுவும் ஒரு சின்னப் பையன் மேல்.

அப்போது கல்கத்தாவில், கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் மகள் வள்ளிக்கு இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பியிருந்தது. ஐந்தாம் வகுப்பு மாடியில் நடக்கிறது, அவளால் ஏற முடியாது, ஊனமுற்ற பிள்ளைகளின் பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்று அவள் பள்ளித் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். நானும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அடுத்த வீட்டு ஹரேன் பாபுவின் மகன் பாப்லுவுக்கும் அதே மாதிரிக் கால்தான். வேறு பள்ளியில் படித்த அவன் மட்டும் தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவான். வள்ளி ஜன்னலில் நின்று பார்ப்பாள். எனக்கு வயிறு எரியும்.

"அவன் அப்பா ஏதோ பெரிய சிபாரிசு பிடிச்சிருக்கார்," என்றேன் மனைவியிடம்.

"இங்கேயே புகையாம, போய் அவரைக் கேளுங்களேன்," என்றாள்.

கேட்டேன். ஹரேன் பாபு சிரித்துவிட்டார். "சிபாரிசா? போங்க அண்ணா! பையனால ஏற முடியலேன்னா கிளாஸ் இறங்கக் கூடாதான்னு கேட்டேன். முடியாதுன்னாங்க. அதை எழுதிக் கொடுங்க, ஸ்கூல் இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டறேன்னேன். மறுநாளே ரூமை மாத்திட்டாங்க."

நானும் போய் அதையே கேட்டேன். தலைமையாசிரியை சற்று யோசித்தார்.

"ரெண்டாம் வகுப்பை மாடிக்கு அனுப்பலாம். இதை அன்னைக்கே கேட்டிருக்கலாமே?"

வள்ளி பள்ளிக்குப் போனாள். என் பொறாமைதான் போகவில்லை. பையனை விட்டு அவன் அப்பா மேல் தாவிவிட்டது. என் மகளுக்கான கேள்வி முதலில் எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்?