கம்பெனி பஸ் டிரைவரும் ஆறு மீன்களும்

1. கண்ணாடித் தொட்டியில் மண் பரப்பி, செடி நட்டு, தண்ணீர் மீனுக்குப் பக்குவமாக மூன்று வாரம் காத்திருந்தேன்.
2. ஷிப்ட் முடிந்து, ஒரகடத்தில் ஆறு மீன் வாங்கிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினேன்.
3. குன்றத்தூருக்கு முன்பே மீன் பை ஒழுகியது. இரு கைகளால் பொத்தியும் நிற்கவில்லை.

நரைமீசை டிரைவர் யாருக்காகவும் அரை நிமிடம் நிற்காதவர். கைக்கடிகாரத்தை ஸ்டியரிங்கில் கட்டியிருப்பார். அன்று பஸ்ஸை ஓரங்கட்டினார். தன் தண்ணீர் பாட்டிலைக் காலிசெய்து, அதன் கழுத்தை அறுத்து நீட்டினார். "இதுல ஊத்து மா."

"எங்களுக்கு நிக்கமாட்டீங்க, மீனுக்கு நிக்கிறீங்களாண்ணே?" என்றாள் பின்சீட்டுக்காரி.

"நீ அடுத்த பஸ்ல வருவ. மீன் வருமா?"

மறுநாளே இரண்டு இறந்துவிட்டன. அவர் தினமும் கேட்கிறார், "ஆறும் நல்லா கீதா மா?"

தொழிற்சாலையில் எண்ணிக்கை தவறாமல் எழுதுபவள் நான். "நல்லா இருக்குண்ணே" என்கிறேன்.

தொட்டியில் நான்கு மீன்கள் இருக்கின்றன.