திரையில் இருந்த கடை

என் கணவருக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது அவர் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். லைனில் எந்த மெஷின் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்வந்தவர், ஒரு காலையில் சட்டைப் பட்டனை எப்படிப் போடுவது என்று தெரியாமல் கண்ணாடி முன் நின்றார். உடனே சென்னைக்குக் கொண்டுபோனோம். பல நாள் ஐசியூவில் கிடந்து உயிர் பிழைத்தார்.

பேச்சும் நடையும் பழையபடியே இருந்தன. வந்து பார்த்தவர்கள் எல்லோரும், "ஒண்ணுமே ஆகலையே, நல்லாத்தானே கீறாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் சாப்பிட்டுக் கை கழுவிய கொஞ்ச நேரத்தில், "இன்னும் சோறு ஆகலையா?" என்று கேட்பார். மோட்டார் போட எழுந்துபோவார். சுவிட்ச் பக்கத்தில் நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று யோசிப்பார்.

ஆஸ்பத்திரியில் ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் கம்ப்யூட்டரில் பயிற்சி கொடுத்தார்கள். தெரபிஸ்ட் ஒரு இளம்பெண். திரையில் மஞ்சள் வட்டம் வந்தால் மட்டும் தட்ட வேண்டும், மற்ற நிறத்துக்குக் கை சும்மா இருக்க வேண்டும். முதலில் அவர் எல்லாவற்றுக்கும் தட்டினார். இன்னொன்றில் ஒரு கடை வரும். பால், சோப்பு, உப்பு என்று வாங்க வேண்டியவற்றைக் காட்டி மறைத்துவிடும். அப்புறம் அலமாரி அலமாரியாகத் தேடி அவற்றை மட்டும் கூடையில் போட வேண்டும். சரியாகச் செய்தால் அடுத்த முறை இன்னும் கஷ்டமாக வரும்.

தினமும் சென்னைக்குப் போய்வர முடியவில்லை. நான் ஒரகடத்தில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தேன். அதனால் வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பிலேயே அந்தப் பயிற்சிகளைப் போட்டுக் கொடுத்தாள் அந்தப் பெண். அவர் எப்படிச் செய்கிறார் என்பதை அங்கிருந்தே பார்த்துக்கொள்வாள். நான் வேலை முடிந்து வந்ததும் இருவரும் அதன்முன் உட்காருவோம். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஒரு ஷிப்ட், எனக்கு ஒரு ஷிப்ட். அவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் நாங்கள் உட்கார்ந்ததே இல்லை. ஒரு கட்டத்தைத் தாண்டினால் சின்னப் பிள்ளை மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். எனக்கும் அது பிடித்திருந்தது.

தெரபிஸ்ட் போனில் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொன்னாள். "அக்கா, ஸ்கிரீன்ல நல்லா பண்றாரு. ஆனா நெஜக் கடைக்கும் கூட்டிட்டுப் போங்க. நீங்க பக்கத்துல நில்லுங்க, சொல்லித் தராதீங்க. ரெண்டும் சேர்ந்தாத்தான் பலன். இந்த முதல் சில மாசம் ரொம்ப முக்கியம்."

கூட்டிக்கொண்டு போனேன். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் பஸ் ஹாரன் காதைப் பிளந்தது. கடைக்காரர், "சீக்கிரம் சொல்லுங்க சார்" என்றார். தெரிந்தவர் ஒருவர் தோளில் தட்டி, "எப்போ டூட்டிக்கு வர்றே?" என்று கேட்டார். இவருக்கு வாங்க வந்ததெல்லாம் மறந்துபோனது. நெற்றியில் வியர்வை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வா, வூட்டுக்குப் போலாம்" என்றார். அதன்பின் எவ்வளவு கூப்பிட்டாலும் வெளியே வரவில்லை. வேலை முடிந்து வந்த அசதியில் எனக்கும் மல்லுக்கட்டத் தெம்பு இல்லை. லேப்டாப்பைத் திறந்தால் அவர் முகம் தெளிந்துவிடும்.

அவருடைய மார்க் ஏறிக்கொண்டே போனது. அப்போதுதான் அவருடன் வேலை பார்த்த நண்பர் வந்தார். "அண்ணி, மேனேஜராண்ட பேசிட்டேன். டூல் ரூம்ல லேசான வேலைதான். நான் கூட இருக்கேன்ல?"

தெரபிஸ்டைக் கேட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே" என்றாள். இவர் கேட்கவில்லை. "இன்னா, எனக்கு வேலை தெரியாதா?" என்று யூனிபாரத்தை அவரே இஸ்திரி போட்டார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்?

வேலையில் ஒரு குறையும் இல்லையாம். கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஏதோ மெஷின் நின்றுவிட, நண்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே ஒரே மாதிரி கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. இவர் எங்கள் ஊர் பஸ்ஸை விட்டுவிட்டு வேறொன்றில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வாலாஜாபாத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த டிரைவர், அவர் கழுத்திலிருந்த ஐடி கார்டைப் பார்த்துக் கம்பெனிக்குப் போன் செய்திருக்கிறார்.

நானும் நண்பரும் பைக்கில் போனோம். ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"அந்தக் கம்ப்யூட்டர் கடையில யாருமே பேச மாட்டாங்க" என்றார். "ஒரு சத்தம் கெடையாது. யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. இங்க ஊரே பேசிகினு கீது. நான் எதைப் புடிச்சுக்கிறது, சொல்லு?"

நண்பர் கடைக்காரரிடம் போய் டீக்குக் காசு கொடுத்தார்.

இனி வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனியில் மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள். அதன்பின் அவர் லேப்டாப்பைத் தொடவில்லை. தெரபிஸ்ட் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வேறு பயிற்சி தொடங்கலாம் என்று கூப்பிட்டாள். இவர் போக மறுத்துவிட்டார். அந்த மாதங்களில் கடைத்தெரு ஓய்ந்திருக்கும் மதியத்தில் அவரை அழைத்துப்போக ஒரு ஆள் இருந்திருந்தால், ஒரு சாமானில் தொடங்கி மெல்ல மெல்லப் பழக்கியிருந்தால் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு ஷிப்ட். எங்களுக்கு வேறு யாரும் இல்லை. மூளை தேறுவதற்கு இருந்த நல்ல காலம் அந்த லேப்டாப் முன்னாலேயே போய்விட்டது.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார். போனில் அலாரம் அடித்தால் மாத்திரை போட்டுக்கொள்வார், துணி காயப்போடுவார். சில சாயங்காலங்களில் என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு எனக்கு இன்னா ஷிப்டு?" என்று கேட்பார். ஆரம்பத்தில், வேலை போனது வரை எல்லாவற்றையும் சொல்லுவேன். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி இடிந்துபோய் உட்காருவார். இப்போதெல்லாம், "நாளைக்கு லீவுங்க" என்று சொல்லிவிடுகிறேன். சரி என்று தலையாட்டிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்கிறார்.