லாச்சிக்குள் கிடந்த லைசன்

பொழுதுபோக்குக்கு எஞ்சின் வள்ளம் ஓட்டுகிறவர்களுக்கு லைசன் எழுதிக் கொடுக்கிற கிளாக்கருக்கு, பொழுதுபட்டால் காது நீண்டுவிடும். போன புதன்கிழமை விளக்கு வைத்துக் கனநேரமான பிறகு, எங்கள் வீட்டு வளவுக்குப் பின்னால் கடலில் ஒரு எஞ்சின் சத்தம் கேட்டது, சட்டென்று நின்றது. அதற்குப் பிறகு கேட்டதுதான் விளங்கவில்லை. சளக், சளக் என்று, மாடொன்று தண்ணீருக்குள் நடக்கிறதுபோல. பின்னேரம் வள்ளத்தில் போன என் கணவரும் மூன்று வயது மகளும் இன்னும் வரவில்லை. அவருக்கு லைசன் இல்லை. இல்லாததற்குக் காரணம் நான்.

உங்களிலும் கந்தோர் வேலையையும் குடும்பத்தையும் ஒரே தலையில் சுமக்கிறவர்கள் இருப்பீர்கள். தீர்ப்புச் சொல்லமுன் என் பக்கத்தையும் கேளுங்கள்.

ஆருக்கு வேணும், ஆருக்கு வேண்டாம்

ஊர்காவற்றுறையில் எங்கள் கந்தோர் இறங்குதுறைக்கு நேரே இருக்கிறது. வள்ளத்தில் பாய் விரித்துப் போனால் லைசன் வேண்டாம். மரக்கோல் ஊன்றிப் போனாலும் வேண்டாம். மீன்பிடிக்கிற வள்ளங்களுக்குப் பதிவு வேறு கந்தோரில். காற்று வாங்கவும் கூட்டாளிமாரை ஏற்றிக்கொண்டு திரியவும் எஞ்சின் பூட்டித் தானே ஓட்டுகிறவர், வயதுக்குச் சாட்சியும் காட்டி, கடலில் ஓடியும் காட்டினால்தான் லைசன். கொன்வென்டில் ஞானோபதேசம் ஒப்பித்த அதே குரலில் இதை நான் ஒப்பிப்பேன்.

ஒருநாள் புங்குடுதீவிலிருந்து வந்த மலாயாவில் உத்தியோகம் பார்த்த ஒரு பென்சன்காரர், குடையைக் கவுண்டரில் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டார். "நான் எங்கை பிள்ளை ஓட்டுறது? எஞ்சினெல்லோ ஓடுது. நான் சும்மா இருக்கிறன்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொரு அலுவலாக நின்ற சூசை அண்ணை, பரம்பரையாகக் கடல்தொழில் செய்கிறவர், எனக்குப் பரிந்து பேசப் போகிறார் என்று நம்பினேன். அவர் சொன்னது இது: "பிழைக்கப் போறவனுக்குச் சோதினை இல்லையாம், காத்து வாங்கப் போறவனுக்குத்தானாம். கடலுக்கு ஆளைத் தெரியுமாக்கும்."

கண் மூடிய சோதினை

ஓடிக்காட்டும்போது வள்ளத்தில் இருந்து புள்ளி போடுகிறவர் எங்கள் கந்தோருக்குப் பெரியவரான துரை. ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். "நீர் போய் இரும். படிவத்தை நிரப்பினால் காணும்" என்று ஆள் அனுப்பினார். அதுவரை முப்பது நாற்பது பேருக்காவது லைசன் எழுதியிருப்பேன். ஒரு எஞ்சின் வள்ளத்திலும் ஏறியதில்லை. சோதினைக்கு வந்தவர் யாழ்ப்பாணத்துப் பல் டொக்டர் ஒருவர். அவர் கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பினதுதான் நான் கடைசியாகக் கண்டது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பென்சிலைத் தடவித் தடவி எல்லாக் கேள்விக்கும் 'சரி' போட்டேன். "விளக்குகள் இரவில் எரிந்தனவா" என்ற கேள்விக்கும் போட்டிருந்தேன். அப்போது காலை பத்து மணி.

வள்ளம் கரையில் தட்டியது. நான் இன்னும் 'சரி' போட்டுக்கொண்டிருந்தேன். டொக்டர் குனிந்து, மிகவும் தன்மையாகச் சொன்னார்: "என்ரை கதிரையிலை இருக்கிறவையும் இப்பிடித்தான், தங்கச்சி. முடிஞ்சுது. இனிக் கண்ணைத் திறவும்."

மேய்ச்சலுக்குப் போன வள்ளம்

எங்கள் கடலின் குணம் உங்களுக்குத் தெரியும். கரையிலிருந்து கனதூரம் போனாலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வராத இடங்கள் உண்டு. மடத்துவெளிப் பக்கத்து வாத்தியார் ஒருவர் லைசன் எடுக்காமலே ஓடித் திரிந்தார். ஒரு சனிக்கிழமை எங்கள் இன்ஸ்பெக்டர் அவரைப் பாலத்தடியில் கண்டு, கரையில் நின்று கைகாட்டினார். வாத்தியார் அவசரப்படவில்லை. எஞ்சினை நிப்பாட்டி, சாரத்தை மடித்துக் கட்டி, தண்ணீருக்குள் இறங்கி, வள்ளத்தைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். லைசன் எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம். நடக்கிறவனுக்கு லைசன் கேட்கிற பிரிவு எது என்று திங்கட்கிழமை முழுவதும் சட்டப் புத்தகத்தைப் புரட்டினோம். கிடைக்கவில்லை. வாத்தியார் சொன்ன பதிலை அப்படியே தலைமைக் கந்தோருக்குக் கடிதத்தில் எழுதும்படி துரை சொன்னார், எழுதினேன்: "நான் எங்கை ஐயா ஓட்டுறன்? வள்ளத்தை மேய்ச்சுக்கொண்டு போறன்."

அன்று இரவு இதை வீட்டில் சொன்னேன். சிரித்ததில் என் கணவருக்குப் புரையேறிவிட்டது. அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

என் லாச்சி

என் கணவர் வங்கியில் வேலை. கூட வேலைசெய்கிறவரோடு பங்குக்கு ஒரு பழைய எஞ்சின் வள்ளம் வாங்கினார். சட்டத்துக்குப் பயந்த மனுஷன்; வாங்கிய கிழமையே விண்ணப்பம் எழுதி என் கையில் தந்தார். ஒரு எழுத்துப் பிழை இல்லை. திருப்பி அனுப்ப ஒரு சாட்டும் இல்லை. லைசன் இல்லாவிட்டால் கடலுக்குப் போகமாட்டார் என்று கணக்குப் போட்டு, அதை என் மேசை லாச்சிக்குள் காபன் தாள்களுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். கேட்கும்போதெல்லாம் "துரை லீவு" என்பேன். பொய் சொல்லக்கூடாது என்று சிஸ்டர்மார் பழக்கியிருந்ததால், துரை உண்மையாகவே லீவில் நின்ற நாட்களில் மட்டும் அப்படிச் சொன்னேன். மற்ற நாட்களில் எனக்குத் தலையிடி.

நாலு மாதம் பொறுத்தவர், பிறகு கேட்பதை விட்டுவிட்டார், லைசன் இல்லாமலே கடலுக்குப் போகத் தொடங்கினார். லாச்சியில் கிடந்ததை எங்கள் பியோன் பொன்னையா அண்ணை ஒருநாள் என்னிடம் திறப்பு வாங்கிக் காபன் எடுக்கும்போது கண்டுவிட்டார். தாள்களைத் திரும்ப அடுக்கினார். வாசலில் நின்றுதான் சொன்னார்: "கடுதாசியைப் பூட்டலாம், பிள்ளை. கடலைப் பூட்டேலுமோ?"

புதன்கிழமை

விடுமுறை நாள். "கரையோடை ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாறம்" என்று மகளையும் தூக்கிக்கொண்டு போனவர். இருட்டில் எஞ்சின் நின்றதும் நான் செபமாலையைத் தேடினேன். அது லாச்சித் திறப்போடு சிக்குப்பட்டுக் கிடந்தது. பின்கதவைத் திறந்து அரிக்கன் லாம்போடு நின்ற கொஞ்ச நேரத்துக்குள், மனதில் வள்ளத்தைக் கவிழ்த்தேன், பிள்ளையைத் தேடினேன், கோட்டுக்கும் போனேன். விண்ணப்பம் எங்கே என்று நீதவான் கேட்க, திறப்பை நீட்டினேன். சளக், சளக். வெளிச்சத்துக்குள் முதலில் வந்தது மகளின் முகம். தகப்பனின் தோளில் இருந்தாள். பின்னால் கயிற்றில் வள்ளம்.

"எஞ்சின் பழுதோ?"

"ஒரு பழுதுமில்லை. இருட்டுக்கை சத்தம் கேட்டால் நீர் பயப்பிடுவீர் எண்டு நிப்பாட்டிப்போட்டு நடந்து வந்தனான்."

ஏசத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "உங்கடை விண்ணப்பம் என்ரை லாச்சியிலை கிடக்கு. நான்தான் குடுக்கேல்லை."

"தெரியும். பொன்னையா அண்ணை சொன்னவர். நீராக் குடுப்பீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"அப்ப லைசன் இல்லாமல் பிள்ளையை ஏன் ஏத்தினனீங்கள்?"

அவர் நனைந்த சாரத்தைப் பிழிந்துகொண்டு நின்றார். இரண்டு பேரும் பிழைகாரர் என்று விளங்கிவிட்ட அந்த நேரத்தில், மகள்தான் தோளிலிருந்து அறிவித்தாள்: "அம்மா, நாங்கள் வள்ளத்தை மேய்ச்சனாங்கள்."

மறுநாட் காலை விண்ணப்பத்தைத் துரையின் மேசையில் நானே வைத்தது உண்மைதான். ஆனால் ஊர்ப் பொழுதுபோக்குக்காரருக்கெல்லாம் கடலைத் திறந்துவிடுகிற இந்தக் கிளாக்கருக்கு அன்றிரவு செய்ய முடிந்தது, மூன்று பேரும் உள்ளேதான் என்று எண்ணிப் பார்த்துவிட்டு அந்தப் பின்கதவை உள்பக்கத்தால் தாழ்ப்பாள் போட்டது மட்டும்தான்.