ஒளித்து வைத்த பற்றரி

நான் வாங்கிக் கொடுத்த மின்சிகரெட் பற்றரியையே (battery) என் கணவர் பாவிக்கவேண்டும் என்று நான் நின்றது உண்மையில் அவருடைய வசதிக்காகத்தானா?

சிகரெட்டை விட்டு அவர் மின்சிகரெட்டுக்கு மாறியபோது, வாயில் வைத்து இழுத்தாலே வேலை செய்யும் தானியங்கிப் பற்றரியை, சுவிஸில் நாங்கள் இருக்கும் வின்டர்தூர் நகரில் தேடி வாங்கினேன். ஒரு வாரத்தில் அவரோடு வேலை செய்யும் சுகந்தி, பட்டனை அழுத்தினால் மட்டுமே வேலை செய்யும் பற்றரி ஒன்றைக் கொடுத்துவிட்டார்.

“சுகந்தி தந்ததுதான் நல்லம். ஐஞ்சு தரம் அமத்தினாப் பூட்டிக்கொள்ளும்,” என்றார் கணவர்.

“ஓம், சுகந்தி சொன்னா வேதவாக்கு. நான் தந்தது குப்பை, என்ன?”

“பற்றரியோடையும் எரிச்சலோ உமக்கு?” என்று சிரித்தார்.

எரிச்சல்தான். மறுநாள் சுகந்தி தந்த பற்றரியை என் சேலைகளுக்கு அடியில் ஒளித்துவிட்டேன். அவர் தேடிக் களைத்து, நான் கொடுத்ததையே எடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை அதை மின்சிகரெட்டில் பொருத்தியபடியே சோபாவில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் திரும்பியபோது எங்கள் ஒன்றரை வயது மகள் அதை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். நுனியில் வெளிச்சம் எரிந்தது. பிள்ளை இருமினாள். வைத்தியசாலையில் சில மணிநேரம் வைத்துப் பார்த்து, ஆபத்தில்லை என்று அனுப்பினார்கள்.

“என்ர கவனக்குறைவு,” என்று அவர் அழுதார். பூட்டி வைக்கக்கூடிய பற்றரி என் சேலைகளுக்கு அடியில் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் அதைக் “கண்டெடுத்து”க் கொடுத்தேன். அதைப் பூட்டி உயரத் தட்டில் வைக்கிறாரா என்று இப்போது தினமும் பார்க்கிறேன். அவர் இன்னமும் தன்னையே திட்டிக்கொள்கிறார். ஒளித்தது நான்தான் என்று எப்படிச் சொல்வது? அனுபவமுள்ள வாசகியர் யாராவது எழுதுங்கள்.