நுனி ஒடிக்காத வெண்டிக்காய்

நல்ல வெண்டிக்காயை அம்மா ஏன் வாங்காமல் வந்தார்? நானும் ஒரு பிள்ளைக்குத் தாயாகிவிட்டேன். இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

வெண்டிக்காய் வாங்கும்போது அம்மா நுனியை ஒடித்துப் பார்ப்பார். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, கூடைக்குள் போகும். வளைந்தால் முற்றல், அங்கேயே கிடக்கும். திருகோணமலைச் சந்தையில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். கிண்ணியாவிலிருந்து மரக்கறி கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரிதான் முணுமுணுப்பார். அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்போம்.

"எல்லாத்தையும் மொட்டையாக்கிப் போட்டா மிச்சத்த ஆர் புள்ள வாங்கிற?"

"ஒடிக்கப் பஞ்சிப்படுற ஆக்கள் வாங்குவினம், காக்கா," என்று அம்மா சோம்பேறிகளின் தலையில் கட்டுவார்.

எனக்கு எட்டு வயதிருக்கும். துறைமுகத்தில் தற்காலிக வேலையில் இருந்த அப்பா, தன் மேலதிகாரியை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டார். வேலையை நிரந்தரமாக்குவது அந்த மனிதரின் கையில் இருந்தது. அவருக்கு வெண்டிக்காய்ப் பால்கறி பிடிக்கும் என்றும் விசாரித்து வைத்திருந்தார்.

"சந்தைப் புழுதியில கிடக்கிறதை வாங்காதையும்," என்றார் அம்மாவிடம். "கப்பலுக்குச் சாமான் குடுக்கிற கடையில துப்புரவாச் சுத்தி வச்சிருக்கினம்."

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை அங்கே போனார். கண்ணாடிக் கடதாசிக்குள் வெண்டிக்காய்கள் பென்சில்களைப்போல் அடுக்கப்பட்டிருந்தன. எனக்கு அவை பிறந்தநாள் பரிசுபோல் தெரிந்தன. அம்மா ஒரு பொதியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு பெருவிரலால் கடதாசியைக் குத்தினார்.

"ஐயோ தங்கச்சி, கிழிக்க ஏலாது!" முதலாளி எழும்பி வந்தார். "கப்பல்காரர்கூட அப்பிடியேதான் எடுக்கிறவை."

"அவை கடலுக்குப் போயிடுவினம். நான் நாளைக்கும் இந்த ஊரிலதானே இருக்கிறன்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா ஒரு காயை இழுத்து ஒடித்தார். பட். அருமையான பிஞ்சு.

"இப்ப என்ன சொல்லுறீங்கள்?" என்றார் முதலாளி.

"நல்ல காய்."

"அப்ப எடுங்கோவன்."

"வேண்டாம்."

ஒடித்த காய்க்கு மட்டும் காசை வைத்துவிட்டு, அதை என் கையில் தந்து, அம்மா சந்தைக்கு நடந்தார். அங்கே நேரம் பிந்திவிட்டது. மற்றவர்கள் ஒடித்துக் கழித்த மொட்டைக் காய்கள்தான் மிச்சம்.

"வாங்க புள்ள," என்றார் காக்கா. "பஞ்சிப்படுற ஆக்களுக்கெண்டு வச்சிருக்கன்."

அம்மா கூடையை நீட்டி வாங்கினார்.

மறுநாள் மேலதிகாரி வாயிலிருந்து ஒரு நாரை இழுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அகப்பையோடு வந்து, "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்றார்.

அப்பாவின் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருடம் பிடித்தது. வெண்டிக்காயினால்தான் என்று அப்பா கடைசிவரை சொன்னார். நானும் அப்பாவின் பக்கம்தான். அன்று குசினியில், "அது நல்ல காய்தானே அம்மா?" என்று கேட்டேன். "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டியைக் கழுவினார். வீம்பு என்று நினைத்தேன். வேறென்ன நினைக்க எனக்கு அந்த வயதில் தெரியும்?

இப்போது எங்கள் ஊர்க் கடைகளிலும் பொலித்தீன் பைகள் வந்துவிட்டன. பிள்ளையின் வயிற்றுக்குப் பயந்து, ஈ மொய்க்காதது என்று நானும் அவற்றையே வாங்குகிறேன். வீட்டில் பிரித்தால் மேலே பிஞ்சு, அடியில் முற்றல். இரண்டையும் சேர்த்தே சமைக்கிறேன்.

போன கிழமை என் நாலு வயது மகள் கடையில் நின்றபடியே பொலித்தீனைக் குத்தி, ஒரு காயை இழுத்து ஒடிக்கப் பார்த்தாள். அது ஒடியவில்லை, வளைந்தது. "அம்மா, இது கூடாது," என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

"பிள்ளையை அடக்குங்கோ," என்றார் கடைக்காரர். நான் மன்னிப்புக் கேட்டு, அந்தப் பையையே வாங்கி வந்தேன். வழி முழுக்க மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பிள்ளை வளர்த்து அனுபவப்பட்டவர்களே, அவளைக் கண்டிப்பதா, விடுவதா? தயவுசெய்து எழுதுங்கள். சனிக்கிழமை திரும்பவும் அந்தக் கடைக்குப் போகவேண்டும். அதற்குள் உங்கள் பதில் வராவிட்டால், நானே ஒன்றை ஒடித்துப் பார்க்கப்போகிறேன்.